வெறுங்கையில் ஒரு புதுப் புத்தகம்

பாடத்திட்டம் மாறிய வருஷம் அது. பழைய புத்தகம் செல்லாது என்றாகிவிட்டது. காலாண்டுத் தேர்வு நெருங்கியும் கரட்டுப்பட்டிப் பள்ளிக்குப் புதுப் புத்தகம் வந்து சேரவில்லை. கல்வி அதிகாரி சிங்காரவேலுவோ, எல்லாப் பள்ளிக்கும் கொடுத்தாகிவிட்டது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்.

ஒருநாள் கலெக்டரம்மா திடீரென்று பள்ளிக்கு வந்தார். கூடவே வந்த அதிகாரி, ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே, "புத்தகமெல்லாம் எப்பவோ வந்துடுச்சும்மா. பிள்ளைங்கதான் படிக்கிறதில்லை," என்றார். பிறகு கடைசி பெஞ்சில் இருந்த மாரீஸ்வரியைக் கைகாட்டி, "ஏய், எந்திரி! புது அறிவியல் புத்தகத்தை எடுத்து முதல் பாடத்தை வாசி. வாசிக்கலேன்னா இந்த வகுப்புல ஒருத்தரும் பரீட்சை எழுத முடியாது," என்று அதட்டினார்.

டீச்சருக்கு முகம் வெளிறிப்போனது.

"சரிங்கய்யா," என்று மாரீஸ்வரி எழுந்து, வெறும் உள்ளங்கைகளை விரித்துப் பிடித்தாள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டினாள். மடங்கிய ஓரத்தை நீவிவிட்டாள். வகுப்பே மூச்சுவிட மறந்து பார்த்தது. அவள் கையில் நிஜமாகவே புத்தகம் இருப்பதுபோல் எல்லோருக்கும் தோன்றியது.

"என்ன, சத்தத்தையே காணோம்?"

"படம் பார்த்துட்டிருக்கேங்கய்யா. புதுப் புத்தகமில்லையா, ரொம்ப அழகா இருக்கு."

"என்ன விளையாட்டு இது? உன் கையில புத்தகமே இல்லையே!" என்று கத்தினார் அதிகாரி.

மாரீஸ்வரி கைகளை மெல்ல மூடினாள்.

"அதைத்தாங்கய்யா எங்க டீச்சர் ஜூன் மாசத்துலேருந்து சொல்லிட்டிருக்காங்க."

கலெக்டரம்மா புத்தகமில்லாத பெஞ்சுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "வாங்க, வெளியே போய்ப் பேசலாம்," என்றார்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. முதல் புத்தகத்தை மாரீஸ்வரிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வகுப்பே ஒற்றைக்காலில் நின்றது.