மரகதவல்லி அசையாமல் இருந்த காலை

ஆற்றங்கரை ஆசிரமம் ஒன்றில் மரகதவல்லி என்று ஒரு சிஷ்யை இருந்தாள். குரு அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். பால் பொங்கினால் பரபரப்பாள். பொங்காவிட்டால் ஏன் பொங்கவில்லை என்று பரபரப்பாள். தியானம் முடிந்து மணியடித்தால், கடைசி பஸ் கிளம்பிவிட்ட மாதிரி எழுந்து ஓடுவாள்.

அவளோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் தீட்சை கிடைத்துவிட்டது. அவளுக்கு மட்டும் இல்லை.

"உங்க பரபரப்புதான் தடை," என்றார்கள் மற்றவர்கள். தியானத்துக்கு நேரம் போதாதவர்களுக்கும் இதைச் சொல்ல நேரம் இருந்தது.

பங்குனி பிறந்ததும் அவளுடைய பள்ளித் தோழிகள் தெரசம்மாளும் குமுதாவும் வந்து இறங்கினார்கள். வள்ளத்தில் போய், ஆற்று நடுவில் மணல்திட்டில் கூடாரம் போட்டு, மீன் பிடித்துக் குழம்பு வைத்துத் தங்குவதாகத் திட்டம். மரகதவல்லி அனுமதி கேட்கப் போனாள். போன இடத்தில் வேறொன்றையும் கேட்டாள்.

"அம்மா, என் பரபரப்பு அடங்கினா தீட்சை தருவீங்களா?"

குரு ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வள்ளத்துல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?"

ஆசிரமத்தில் மீன் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆற்றங்கரை ஆசிரமம். சாப்பிடலாம்.

குருவே கூட வருகிறார் என்றால் அது பரீட்சை அல்லாமல் வேறென்ன? மரகதவல்லி, தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வள்ளத்தின் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். தெரசம்மாள் பின்னால் துடுப்புப் போட்டாள். அவளுடைய அப்பா வள்ளம் வைத்திருந்தவர்.

"ஒரே சட்டம்தான்," என்றாள் தெரசம்மாள். "யார் தூண்டில்ல மீன் இழுத்தாலும் 'பாரம்'னு கத்தணும். மத்தவங்க எதிர்ப்பக்கம் சாயணும். இல்லேன்னா வள்ளம் கவிழும். அம்மா, உங்களுக்கும்தான்."

"சரி," என்றார் குரு.

தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கரையெல்லாம் புங்கம்பூ கொட்டிக் கிடந்தது. குமுதாவின் தூண்டிலில் விரலளவு கெண்டை ஒன்று மாட்டியது. அதற்கே அவள் 'பாரம்' என்று கத்தியதில் கரையில் இருந்த கொக்குகள் பறந்தன. குருவும் ஒழுங்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, சிரித்து, தன் கையிலிருந்த இன்னொரு துடுப்பை நழுவவிட்டு எட்டிப் பிடித்தார்.

மரகதவல்லி திரும்பவில்லை.

"ஏண்டி, பல்வலியா?" என்றாள் குமுதா.

"இல்லை."

"சிலை மாதிரி உட்கார்ந்திருக்கியே. சூடம் ஏத்தட்டுமா?"

"ஏத்து."

மணல்திட்டு நெருங்கியபோது மரகதவல்லியின் தூண்டில் வளைந்தது. கழி கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. தண்ணீருக்கடியில் வெள்ளியாக ஒரு முதுகு புரண்டது. வாளை. அவள் தொடை நீளம். வாயில் 'பாரம்' வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். பல்லைக் கடித்து, கண்ணைப் பாதி மூடி, அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

வள்ளம் வலப்பக்கம் சாய்ந்தது.

அதே நேரம் குமுதா, "அங்கே பாருங்கடி, மீன்கொத்தி," என்று வலப்பக்கமே எட்டிப் பார்த்தாள். தெரசம்மாளும் பார்த்தாள். குருவும் பார்த்தார்.

நால்வரும் ஆற்றில் இருந்தார்கள்.

நல்ல வேளை, மார்பளவு தண்ணீர்தான். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு திட்டில் ஏறினார்கள். கூடாரம் நனைந்து கனத்தது. புளியும் மிளகாய்த்தூளும் போய்விட்டன.

"ஆத்துக்கே குழம்பு வெச்சாச்சு," என்றாள் குமுதா.

"கத்துறதுக்கு என்னடி கேடு உனக்கு?" என்று தெரசம்மாள் மரகதவல்லியைப் பார்த்து இரைந்தாள்.

மரகதவல்லி நேராகக் குருவிடம் போனாள். அவர் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, நான் அசையவே இல்லை. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அப்போ தீட்சை?"

"மீன் எவ்வளவு பெருசு?"

அவ்வளவுதான். மரகதவல்லியின் இரண்டு கைகளும் தாமாக விரிந்தன.

"இவ்வளவு அம்மா. இல்லை, இன்னும் பெருசு. மீசை இருந்தது, என்னைத் திரும்பிப் பார்த்தது, சத்தியமா பார்த்தது. ஒரு இழுப்பு இழுத்தது பாருங்க, தோள்பட்டை கழண்டுடுச்சுன்னே நினைச்சேன். குமுதா, நீ பிடிச்ச கெண்டை அது பல்லிடுக்குல மாட்டிக்கும். முதுகு அப்படியே வெள்ளி, அம்மா, வெயில் பட்டதும்..."

மணலில் மண்டியிட்டு வாளை புரண்ட விதத்தைப் புரண்டே காட்டினாள். தெரசம்மாள் கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குமுதா, "வால்? வால் எப்படி இருந்தது?" என்று கேட்டாள். அதையும் சொன்னாள். மூச்சு வாங்கி நிறுத்தியபோதுதான் எதிரே குரு நிற்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று கைகளை இறக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்க அம்மா. கெடுத்துட்டேன். இனி தீட்சை கிடையாதா?"

"இவ்வளவு நேரம் பேசினாங்களே, அவங்களுக்கு உத்திரத்தன்னைக்கே தரேன்," என்றார் குரு. "வள்ளத்துல முன்னால உட்கார்ந்திருந்தவங்க யாருன்னு எனக்குத் தெரியலை."