கரையின் தாழ்ந்த இடம்

மங்கையர்க்கரசியிடம் பாடம் கேட்க வந்தவர்களில் சிவக்கொழுந்துதான் மூத்தவர். குருவைவிடவே பத்து வயது பெரியவர். ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தைத் தாங்க என்ன செய்யலாம் என்று யோசிப்பதே அந்த அம்மாளின் வேலை. சிவக்கொழுந்து அப்படி ஓர் ஊரின் நகராட்சிப் பொறியாளர்.

முந்தைய வெள்ளத்தில் அவர் கட்டிய கரை உடைந்தது. படகுத்தெரு போனது. ஆட்களும் போனார்கள். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

"உடையாத கரை கட்டணும்மா. எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்னு சொல்லுங்க. கட்டிடறேன்."

"போன தடவை எங்கே உடைஞ்சுது?"

"படகுத்தெருவுக்கு நேரா."

"அந்த இடத்தை யாரு முடிவு பண்ணினது?"

"யாரும் பண்ணலை. ஆறுதான்."

"இந்தத் தடவை நீங்க முடிவு பண்ணுங்க."

சிவக்கொழுந்துவுக்குக் கோபம் வந்தது. "நான் உடையாத கரையைக் கேட்டேன்."

"அது எனக்குக் கட்டத் தெரியாது," என்றார் குரு.

சிவக்கொழுந்து ஊருக்குத் திரும்பிக் கரைநெடுக நடந்தார். ஒரு கோடை முழுக்க நடந்தார். கடைசியில் அவர் கண் நின்ற இடம் சந்தைத் திடல். பள்ளமான, பெரிய திடல். குடியிருப்பவர் யாரும் இல்லை. அதன் பின்னால் ஏரிக்குப் போகும் பழைய வாய்க்கால் குப்பையில் மூடிக் கிடந்தது. அதைத் தோண்டித் திறந்தார். திடலைச் சுற்றி ஒரு வரப்பு போட்டார். மற்ற இடமெல்லாம் ஆற்றின் கரையைக் கருங்கல்லால் உயர்த்தினார். திடலுக்கு நேரே மட்டும் தாழ்வாக, வெறும் மண்ணால் கட்டினார்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் சாகுல் அமீது நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"கரை கட்டச் சொன்னா ஓட்டை வைக்கறீங்க! உங்களுக்கு எங்க கடைதான் கிடைச்சுதா?"

சிவக்கொழுந்து குருவிடம் ஓடினார்.

"அவர் கேக்கறது நியாயம்தானேம்மா?"

"நியாயம்தான். அவர் கடைக்கு என்ன செய்யப் போறீங்க?"

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை. திரும்பி வந்து சாகுல் அமீதையே கூட வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கழற்றி மாட்டும் கொட்டகைகள் வந்தன. சரக்கை ஏற்றிவைக்க மேட்டுத்தெருவில் ஒரு கிடங்கு எழுந்தது. சாகுல் அமீது கடைசிவரை திட்டிக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கிடங்கின் கதவு எந்தப் பக்கம் இருந்தால் வண்டி திரும்பும் என்று சொன்னவரும் அவர்தான்.

ஐப்பசியில் மேற்கே மழை பிடித்துக்கொண்டது. அணையைத் திறக்கப் போவதாகத் தகவல் வந்ததும் சங்கு ஊதினார்கள். உச்சிப்பொழுதுக்குள் சந்தை காலியானது. படகுத்தெரு மொத்தமும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. தகவல் கேட்டு வந்திருந்த குரு அங்கே வரிசையில் நின்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் தண்ணீர் மண்கரையின் விளிம்பைத் தொட்டது.

ஒரு கூட்டம் மணல் மூட்டைகளோடு ஓடி வந்தது.

"ரெண்டு வரிசை அடுக்கினா நின்னுடும் சார்!"

சிவக்கொழுந்துவின் கை அவரைக் கேட்காமலே ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டது. தண்ணீர் வந்தால் தடுப்பது. அத்தனை வருஷமாக அவர் கற்றது அது ஒன்றுதான். மூட்டையோடு இரண்டடி நடந்தார். படகுத்தெருப் பக்கம் பார்த்தார். அங்கே கருங்கல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

மூட்டையைக் கீழே போட்டார்.

"இங்கே ஒண்ணுகூட விழக் கூடாது. எல்லாத்தையும் படகுத்தெருப் பக்கம் கொண்டு போங்க."

"சந்தை போயிடும் சார்."

"போகட்டும். மண்கரை மேல யாரும் நிக்காதீங்க. இறங்குங்க!"

மண் கரைந்தது. முதலில் ஒரு சால், பிறகு ஒரு வாய், பிறகு கண்ணெதிரே ஒரு வாசல். ஆறு இரைச்சலோடு திடலுக்குள் விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் சிவக்கொழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படகுத்தெருக் கரைக்கு ஓடினார்.

அங்கே கருங்கல்லில் தண்ணீருக்கு மேலே ஓர் ஈரக் கோடு தெரிந்தது.

அவர் நம்பவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தார். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு கை அகலம் ஆனது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

அந்த வெள்ளத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. திடலில் நிறைந்த தண்ணீர் வாய்க்கால் வழியே ஏரிக்கு வடிந்துவிட்டது. படகுத்தெருவில் கணுக்கால் அளவு சேறு. ஒரு பெண் துடைப்பமும் கையுமாக அவரை மறித்தாள்.

"வாசல் பூரா சேறு சார்! ஆளை அனுப்புவீங்களா மாட்டீங்களா?"

சேற்றுக்காக ஒருத்தி தன்னைத் திட்டுவதைக் கேட்க அவருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. "இப்பவே அனுப்பறேன்மா, இப்பவே," என்றார்.

திடல் காய்வதற்குள் கொட்டகைகள் மறுபடி எழுந்துவிட்டன. சாகுல் அமீது ஒரு டீயை அவர் கையில் கொடுத்தார்.

அந்த வாரமே குருவைப் பார்க்கப் போனார். கரையில் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"நகராட்சியில எல்லாருக்கும் சந்தோஷம்மா. அந்த உடைஞ்ச இடத்தையும் இப்பக் கருங்கல்லால உயரமாக் கட்டிடச் சொல்றாங்க. இனிமே சந்தைக்கும் தண்ணி வராதாம்." சற்றுத் தயங்கினார். "எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. கட்டிடட்டுமா?"

"தாராளமாக் கட்டுங்க," என்றார் குரு. "ஆனா அடுத்த தடவை எந்த வழியா வரணும்னு ஆத்துக்குச் சொல்லிட்டுக் கட்டுங்க."