எல்லாவற்றுக்கும் ‘மோ’ சொன்ன கீரி

குங்கிலியக் காட்டில் நாச்சி என்று ஓர் இளம் கீரி இருந்தாள். அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அதே காட்டில் பூதப்பன் என்ற கரடியிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கதவை இழுத்துக் கட்டினால்தான் மூடும். ஏற்றத்தில் இருமும். அதில் தேன் டின்களை ஏற்றிக்கொண்டு அயல்நாட்டுக் காடுகளுக்குப் போவான். தேனைக் கொடுத்துவிட்டு, அங்கே விளையும் கிழங்கையும் கொட்டையையும் வாங்கி வருவான். ஒரு நாள் நாச்சி முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அவன் வேனுக்கு முன்னால் வந்து நின்றாள். எங்கே போவதாக உத்தேசம் என்று பூதப்பன் கேட்டான். நீங்கள் எங்கே போகிறீர்களோ அங்கே என்றாள் அவள். அவன் சிரித்துவிட்டு, டின்களை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தான்.

முதலில் நீர்நாய்களின் நாட்டுக்குப் போனார்கள். அங்கே பேசுவது வேறு மொழி. பூதப்பனுக்கு அது தெரியும். நாச்சியோ ‘ஆமாம்’ என்பதற்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள். யார் எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே அந்த ஒரு சொல்லைச் சொன்னாள். அவர்கள் அவளைத் தூக்கிப் போய் அருவியின் வழுக்குப் பாறையில் சறுக்கவிட்டார்கள். வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்து மயில்களின் நாடு. அங்கேயும் ஒரு ‘ஆமாம்’தான். மழையில் நடு மேடையில் ஏற்றி ஆடவிட்டார்கள். அவள் ஆட்டத்தைப் பார்த்து மயில்களுக்குத் தோகை விரிக்கவே மறந்துவிட்டது.

“ஒரு சொல்லை வைத்துக்கொண்டே உலகத்தைச் சுற்றிவிடலாம் போலிருக்கிறதே, அண்ணே” என்றாள் நாச்சி.

பூதப்பன் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருந்தான்.

மூன்றாவதாக வரையாடுகளின் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஓர் அகலமான ஆறு குறுக்கிட்டது. அதற்குப் பாலம் கிடையாது. ஆழமில்லாத இடம் பார்த்து, மணல் திட்டு மணல் திட்டாக வளைந்து வளைந்து கடக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அந்தத் திட்டுகள் இடம் மாறிவிடும். பூதப்பன் இறங்கி, கழியால் ஊன்றிப் பார்த்துப் பார்த்து வேனைக் கரையேற்றினான். நாச்சி அந்த நேரம் முழுக்கப் பின்னால் தேன் டின்களுக்கு நடுவே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

கரையேறிய கையோடு ஒரு டயர் வெடித்தது. அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரில் பழுதுபார்த்துக்கொண்டு மறுநாள் சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பூதப்பன் கிளம்பினான். போகும்போது, இங்கே ‘ஆமாம்’ என்பதற்கு என்ன என்று நாச்சி கேட்டாள். ‘மோ’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் வரையாடுகள் வந்து வேனைச் சூழ்ந்துகொண்டன. அவற்றுக்குத் தலைவி செங்கொம்பி. நெற்றியில் வெள்ளை விழுந்த பெரிய பெண் ஆடு. அவள் வேனைக் காட்டினாள், ஆற்றைக் காட்டினாள், ஏதோ நீளமாகக் கேட்டாள்.

“மோ” என்றாள் நாச்சி.

ஆடுகளின் முகமெல்லாம் மலர்ந்தது. செங்கொம்பி இன்னொன்று கேட்டாள். நாச்சி அதற்கும் ‘மோ’ சொன்னாள். அவ்வளவுதான், ஒரே கொண்டாட்டம். அவளைச் சுமந்துகொண்டு போய் உயரமான பாறையில் உட்காரவைத்தார்கள். முட்டையும் காட்டு நெல்லிக்காயும் கொண்டுவந்து குவித்தார்கள். தாய் ஆடுகள் ஒவ்வொன்றாகக் குட்டிகளை அழைத்து வந்து அவள் முன்னால் நிறுத்தி, ஏதோ சொல்லிக் கண் கலங்கின. நாச்சிக்கு அது மட்டும் கொஞ்சம் விநோதமாகப் பட்டது. ஆனால் முட்டை ருசியாக இருந்தது. வந்த எல்லாக் குட்டியையும் தட்டிக்கொடுத்து ‘மோ, மோ’ என்றாள்.

மறுநாள் காலையில் அவளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கூட்டம் முழுவதும் வரிசை கட்டி நின்றது. குட்டிகள் தாயின் வாலைக் கவ்விக்கொண்டு நின்றன. செங்கொம்பி நாச்சியைத் தன் மூக்கால் மெல்ல முன்னால் தள்ளி, தண்ணீரைக் காட்டினாள்.

நாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆற்றின் இந்தக் கரையில் புல் கரிந்து கிடந்தது. எதிர்க்கரை பச்சைப் பசேல் என்றிருந்தது. வேன் ஆற்றைத் தாண்டி வந்ததைப் பார்த்துவிட்டு, உனக்கு வழி தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். எங்களைக் கூட்டிப் போவாயா என்று கேட்டிருக்கிறார்கள். அவள் இரண்டுக்கும் ஆமாம் போட்டிருக்கிறாள்.

ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர்கள் கொடுத்ததைத் தின்றுவிட்டு ஓட மனம் வரவில்லை. வேன் வந்த வழிதானே, முயன்று பார்ப்போம் என்று தண்ணீரில் கால் வைத்தாள். முதல் அடியில் முழங்கால். இரண்டாம் அடியில் வயிறு. மூன்றாம் அடியில் தரையே இல்லை. தண்ணீர் அவளைச் சுழற்றிக் கரையோரம் எறிந்தது.

திரும்பிப் பார்த்தால், பின்னால் ஆடுகள் இறங்கத் தொடங்கிவிட்டன. குட்டி ஒன்று கால் இடறி நீரில் விழுந்தது. அதன் தாய் சட்டென்று காதைக் கவ்வி இழுத்து நிறுத்தினாள்.

வராதீர்கள் என்று நாச்சி கத்தினாள். யாருக்கும் புரியவில்லை. பதற்றத்தில் அவள் வாயில் வந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்த அந்த ஒரே சொல்.

“மோ! மோ!”

ஆடுகள் அதைக் கேட்டுத் தைரியமாக இன்னும் இரண்டடி முன்னால் வந்தன.

நாச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பாய்ந்து போய்ச் செங்கொம்பியின் காலுக்குக் குறுக்கே விழுந்தாள். தூரத்தில் நின்ற வேனைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். பிறகு ஈர மண்ணில் சுருண்டு படுத்து, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு, கொர் கொர் என்று குறட்டை விட்டாள். எழுந்து ஆற்றைக் காட்டிக் கையை விரித்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. மறுபடி படுத்தாள், மறுபடி குறட்டை விட்டாள்.

செங்கொம்பி அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு ஒரு குரல் கொடுத்தாள். வரிசை நின்றது. இன்னொரு குரல் கொடுத்தாள். எல்லோரும் கரையேறினார்கள்.

பகல் முழுக்க நாச்சி வேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. யாரும் பக்கத்தில் வரவுமில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

சாயங்காலம் பூதப்பன் டயரை உருட்டிக்கொண்டு வந்தான். நடந்ததைச் செங்கொம்பி அவனிடம் சொன்னாள். அவன் வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

“அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அண்ணே” என்றாள் நாச்சி. “என் வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். எனக்கு வழி தெரியாது. அவர்கள் கேட்டதே எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.”

பூதப்பன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான். செங்கொம்பி கொஞ்ச நேரம் அசை போட்டாள். பிறகு, நேற்றே இதைச் சொல்லியிருந்தாலும் அந்த முட்டைகளைக் கொடுத்திருப்போம் என்றாள். அதைக் கேட்டதும் நாச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் விடிந்ததும் குட்டிகளை எல்லாம் வேனில் ஏற்றினார்கள். பூதப்பன் கழியால் ஆழம் பார்த்துவிட்டு வந்து, மெதுவாக ஓட்டினான். பெரிய ஆடுகள் சக்கரத் தடத்திலேயே பின்தொடர்ந்தன. நாச்சி வேனின் கூரைமேல் உட்கார்ந்து, ஒரு திட்டையும் விடாமல் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் எதிர்க்கரை சேர்ந்தார்கள். குட்டிகள் வேனிலிருந்து குதித்து இறங்கிப் புல்லில் புரண்டன. இடறி விழுந்த அந்தக் குட்டி மட்டும் இறங்க மறுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தது.

வேன் மறுபடி பயணம் புறப்பட்டது. அடுத்து முள்ளம்பன்றிகளின் நாடு. எல்லையைத் தாண்டும்போது, இங்கே என்ன சொல் வேண்டும் என்று பூதப்பன் கேட்டான்.

“‘புரியவில்லை’ என்பதற்கு என்ன சொல்ல வேண்டும்?” என்றாள் நாச்சி. அவன் சொன்னான். அவள் அதைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நாட்டில் அவள் நாளெல்லாம் அதையே சொன்னாள். முள்ளம்பன்றிகள் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி விளக்கின. ஊர் திரும்பும்போது அவளுக்கு அவர்கள் மொழியில் ஒரு பாட்டே பாடத் தெரிந்திருந்தது.

புரியாததற்குத் தலையாட்டுகிறவர் தம்மை நம்பியவர்களையும் ஆபத்தில் தள்ளுகிறார். புரியவில்லை என்று துணிந்து சொல்கிறவரே எந்த ஊரிலும் நல்ல விருந்தாளி.