கொக்கிக்கு ஜாமீன்

பாடகி வசுமதியின் ரசிகர் குழுவில் 'மதகு' என்ற பெயருக்கு மறுபேச்சு கிடையாது. இணையத்தில் நடக்கும் அந்தக் குழுவில் யார் எழுதியது நிற்கும், யார் எழுதியது போகும் என்று தீர்மானிப்பது மதகுதான். விளையாட்டாக ஆரம்பித்து எல்லோரும் 'குருவே' என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

மாசிலாமணி மட்டும் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயரை வைத்து, குரு பொதுப்பணித் துறையில் அணை, வாய்க்கால் என்று அலைந்த வயதான பொறியாளர் என்று முடிவுகட்டியிருந்தார். 'ஐயா' என்றுதான் எழுதுவார்.

குழுவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அவரையும் குரு சேர்த்துக்கொண்டது. நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாசலில் இருக்கும் ஜூஸ் கடைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. பொன்னாடை வாங்கிக்கொண்டு போனார்.

தோளில் பையோடு ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மாசிலாமணி சார்தானே? நான் ஜெனிட்டா. எம்.எஸ்சி. ரெண்டாம் வருஷம். மதகு நான்தான்."

அவர் பொன்னாடைப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"சொல்லியிருக்கலாமேம்மா. மூணு வருஷமா ஐயா ஐயான்னு எழுதிட்டிருக்கேன்."

"நல்லாத்தானே இருந்துச்சு. வீட்டுல யாரு என்னை ஐயாங்கறா? பையில என்ன சார்?"

"பொன்னாடை."

"யாருக்கு?"

அவர் தெருவைப் பார்த்தார். அவள் சிரித்துவிட்டு இரண்டு சாத்துக்குடி ஜூஸ் சொன்னாள்.

நன்றி சொல்வதோடு இன்னொரு காரியமும் அவருக்கு இருந்தது. கொக்கி.

கொக்கி என்ற பெயரில் எழுதும் ஆள் போன வாரம் வசுமதியின் பிறந்தநாளன்று இன்னொரு பாடகியின் ரசிகர்களோடு மல்லுக்கட்டி, எழுதக் கூடாததெல்லாம் எழுதியது. தடுக்கப்போன மாசிலாமணியிடம், 'பெருசு, மாத்திரையப் போட்டுட்டுப் படு' என்றது. அன்றே வெளியேற்றினார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டு, திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சியது.

குழுவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே போனவருக்கு உள்ளே இருக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். வந்தவர் மறுபடி வாய் தவறினால் இரண்டு பேரும் வெளியே. நின்றது யார் என்பது குருவுக்கு மட்டும் தெரியும். கொக்கிக்கு இதுவரை ஒருவரும் நிற்கவில்லை. இன்று மாலைக்குள் யாரும் வராவிட்டால் கதவு சாத்தியதுதான். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து வசுமதி முதல்முறையாகப் பாடுவதும் இன்று மாலைதான்.

"சாத்திடும்மா," என்றார் மாசிலாமணி. "இந்தப் பசங்களுக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி வாய் முளைச்சிடுது. இருபத்தோரு வயசு ஆனவங்களுக்கு மட்டும்தான் இடம்னு வச்சா பாதி சண்டை குறைஞ்சிடும். ஆதார் கேட்போம்."

"கொக்கிக்கு என்ன வயசு சார்?"

"பதினேழு இருக்கும். எழுத்தைப் பார்த்தாலே தெரியலையா?"

"உங்களை வெளியே அனுப்பினோமே, அப்ப உங்களுக்கு என்ன வயசுன்னு நினைச்சோம் தெரியுமா?"

மூன்று வருடத்தில் அதை யாரும் அவரிடம் பேசியதில்லை. அவரும் பேசியதில்லை.

"பத்தாங்கிளாஸ் படிக்கற பையன்னு நினைச்சோம். பரீட்சை டென்ஷன்ல இருப்பான், விட்டுடுங்கன்னு ஒருத்தர் எழுதினார்."

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு. அந்த மாதம்தான் பேத்திக்குக் காது குத்தியிருந்தார்.

ஜூஸ் வந்தது. அவர் தொடவில்லை.

"அந்தப் பையனுக்கு ஒருத்தர் ஜாமீன் நின்னார்," என்றாள் ஜெனிட்டா.

"எத்தனை தடவை கேக்க நினைச்சிருப்பேன், யாருன்னு. வாய் வரலை."

"நின்னவர் குழுவுல இருக்கற வரைக்கும் சொல்லக் கூடாது."

"இப்ப?"

"இப்ப அவர் குழுவுல இல்லை."

மாசிலாமணிக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"கொக்கியா?"

அவள் ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டினாள்.

"நான் திட்டினதே அவனைத்தானேம்மா. வசுமதிக்கு மேல போனா குரல் உடையுதுன்னு எழுதினான். நான் அவன் அம்மாவை இழுத்தேன்."

"படிச்சேன் சார். நான்தானே அழிச்சேன்."

கல்லூரி மணி அடித்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்து, கடையைச் சுற்றி நின்று, சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அப்புறம் ஏன் நின்னான்?"

"நானும் கேட்டேன். 'அந்தப் பையன் போயிட்டா, ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி வர்ற வீணையைப் பத்தி யாரு எழுதுவா?'ன்னார்."

அந்த வீணையைப் பற்றி மாசிலாமணி எழுதியது ஒரே ஒரு முறை. யாரும் படிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"திரும்பி வந்தப்புறம் நீங்க ஒரு தடவை கோபத்துல எழுதிட்டு, உடனே அழிச்சீங்களே, ஞாபகம் இருக்கா?"

"அதை யாரும் பார்க்கலைன்னு நினைச்சேன்."

"அவர் பார்த்துட்டார். எனக்கு எழுதிட்டே இருந்தார். 'பொறுங்க, பையன் அழிச்சிடுவான், பொறுங்க, அழிச்சிடுவான்.' நீங்க அழிச்சதும் ஒரு வார்த்தை பேசாம போயிட்டார்."

"அவருக்கு என்ன வயசும்மா?"

"நான் கேட்டதில்லை சார்."

அவர் ஜூஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"நான் நிக்கறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. வாய் கொஞ்சம் நீளம். நாளைக்கே உங்களையும் சேர்த்து வெளியே தள்ளினாலும் தள்ளிடுவார்."

"தள்ளட்டும்."

அவள் போனை எடுத்து எதையோ தட்டினாள். சற்று நேரத்தில் மாசிலாமணியின் போன் சிணுங்கியது. குழுவில் கொக்கி எழுதியிருந்தது: 'வந்துட்டேன். பெருசு முழிச்சிருக்கா?'

அவருடைய கட்டைவிரல் விறுவிறுவென்று எழுத்துப் பலகைக்குப் போனது. பாதியில் நின்றது. போனைக் கவிழ்த்து வைத்தார். அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிளம்பும்போது நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்து அவள் முன்னால் வைத்தார். நின்றுகொண்டே தயங்கினார்.

"குருவே."

"சொல்லுங்க சார்."

"ஜாமீன் நின்னது நான்தான்னு அவருக்குத் தெரிஞ்சா நல்லாருக்கும். சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா சொல்றேன்."

"எப்ப?"

"நீங்க வெளியே போற அன்னிக்கு."