கூடைக்குள் ஏறாத படகு

ஒரு ஊர்ல ஒரு கூடைக்காரி இருந்தா. பேரு செங்கமலம். கூடை விக்கிறவ இல்ல கண்ணு, விலை கேக்குறவ. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அரமனைக் கூடையத் தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போவா. எப்பவும் அதே கடை, அதே சாமான். மொத்தக் கூடைக்கும் என்ன விலைன்னு வந்து ராணிகிட்ட சொல்லுவா. கூடை விலை ஏறினா நாட்டுல எல்லாருக்கும் கூலி ஏறும். ஏறலைன்னா ஏறாது. ம் கொட்டு.

"ம்."

செங்கமலத்துக்கு ஒரே மக, பவுனு. பெரிய ஆத்துக்கு அக்கரையில கட்டிக்குடுத்தாச்சு. படகுக்கூலி ஏறிக்கிட்டே போனதால மக முகத்தப் பாத்து ரெண்டு மழைக்காலம் ஆயிப்போச்சு. பொழுது சாஞ்சா ஆத்தோரம் போயி நின்னு அக்கரை விளக்கப் பாப்பா. எது மக வீட்டு விளக்குன்னுகூடத் தெரியாது. தன் கூலி ஏறினா போயிரலாமேன்னு ஏங்குவா.

அப்போ ஒரு பௌர்ணமி வந்துச்சு. முறுக்குக் கடைக்குப் போனா.

"அண்ணே, இது முறுக்கா மோதிரமா?"

"விலை அதேதானே தாயி!"

முறுக்கு சுருங்கிப்போச்சு, ஆனா கூடைக் கணக்குல 'ஒரு முறுக்கு'ன்னுதான இருக்கு? விலை ஏறல.

அப்புறம் அடுத்த பௌர்ணமி. விறகு கிடுகிடுன்னு ஏறிருச்சு. ஆனா கூடையில பாக்குவெட்டியும் இருந்துச்சு. அத இப்ப யாரு வாங்குறா? கடைக்காரரு தூசியத் தட்டி, "சும்மாவே எடுத்துட்டுப் போ"ன்னாரு. ஒண்ணு ஏற, ஒண்ணு இறங்க, கூட்டிப் பாத்தா கூடை அசையவே இல்ல.

பக்கத்து வீட்டு ராக்கு கிசுகிசுன்னு சொன்னா: "விறக ரெண்டு காசு கூட்டிச் சொல்லேன்டி. யாருக்குத் தெரியப்போவுது?"

அந்தப் பொய்யி செங்கமலத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா. "நெசமா ஏறுறப்ப அப்புறம் யாருடி நம்புவா?"

மூணாவது பௌர்ணமிக்கு நேரா ராணிகிட்டயே போனா. "தாயே, படகுக்கூலி ஏறிருச்சு. ஆனா கூடையில படகு இல்லையே!"

"படகு எப்புடி சித்தி கூடைக்குள்ள போவும்?"

அதத்தான் ராணியும் கேட்டா. அப்புறம் யோசிச்சு, "இது எங்க ஆயா அடுக்குன கூடை. அப்ப ஆத்தத் தாண்டுனவங்க யாரு? நீ வீடு வீடாப் போயி எதுக்கு எவ்வளவு செலவாவுதுன்னு கேட்டு வா. புதுசா அடுக்குவோம்"னா.

டொக்கு டொக்குன்னு கதவு தட்டுனா. ஆத்தத் தாண்டுற வீடு அங்கொண்ணு இங்கொண்ணுதான். எல்லார் வீட்டுச் செலவையும் கலந்து பங்கு போட்டா, படகுக்கு ஒரு கைப்பிடி இடந்தான் கெடச்சுது. எல்லாருக்கும் கூலி ஏறுச்சு. ஆனா கொஞ்சூண்டு. அது ஊருக்கான கூடை கண்ணு, செங்கமலம் வீட்டுக் கூடை இல்லையே.

படகுக்காரரு காச எண்ணிப் பாத்தாரு. "இதுக்கு நடு ஆத்து மணல்திட்டு வரைக்கும் போய்வரலாம் ஆத்தா. அவ்வளவுதான்."

செங்கமலம் கலங்கிப்போயி நின்னா. அப்புறம் சட்டுனு கேட்டா: "அக்கரையில இருக்குறவங்களுக்கும் இதே அளவு கூலி ஏறியிருக்கும்தானே? எம் மககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

தூங்கிட்டியா?

"...ம்ம்."

மறுநாளு இவ திட்டுல எறங்கி நின்னா. அக்கரையில இருந்து ஒரு படகு சளக், சளக்னு வந்துச்சு. கரை தட்டுறதுக்கு முன்னாடியே ஒருத்தி தண்ணியில குதிச்சா.

"ஏம்மா இப்புடி எளச்சுட்ட?"

"நீ மட்டும் என்னடி?"

ரெண்டு படகுக்காரங்களும் கூப்பிடுறாங்க, கூப்பிடுறாங்க. ரெண்டு பேரு காதுலயும் விழல. நாம அவங்களத் தொந்தரவு பண்ண வேணாம். கதைய மணல்லயே விட்டுட்டு வந்தாச்சு, கண்ண மூடு.