அடைப்புக்குறிக்குள் மைனஸ் மூன்று

"அம்மா, நான் மைனஸ் ஆளு. நான் நுழையற இடமெல்லாம் குறைஞ்சு போகுது."

கோதண்டம் வந்து உட்கார்ந்ததும் சொன்னது இதுதான்.

வேதவல்லி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். அவருடைய ஆசிரமத்தில் தியானத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கணக்குப் போட்டாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இன்னொரு கணக்கு கிடைக்கும்.

"என்ன ஆச்சு?"

"மக நாளைக்குப் புதுவீட்டுல பால் காய்ச்சறா. வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கா. அவ கல்யாணப் பந்தியில பாயசம் வரலைன்னு சம்பந்தி சட்டையைப் பிடிச்சவன் நான். அதோட சரி, அவ வாசலை மிதிக்கலை."

"இப்ப?"

"போனா இதையும் கெடுத்துடுவேனோன்னு இருக்கு. போகலைன்னா இனிமே கூப்பிட மாட்டா."

கோதண்டம் தாடியைத் தடவிக்கொண்டார்.

"காவி கட்டிக்கிட்டு, இந்தத் தாடியோட போகலாம்னு பார்க்கறேன். பழைய ஆள் தெரிய மாட்டான் இல்லையா?"

அம்மா சிலேட்டை எடுத்து எழுதினார்.

x² + 1

"எக்ஸ் இருக்கிற இடத்துல மைனஸ் மூணைப் போடுங்க."

கோதண்டம் போட்டார்.

−3² + 1

"மூணு மூணு ஒன்பது, முன்னால மைனஸ், கூட ஒண்ணு. மைனஸ் எட்டு." சிலேட்டைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, இங்கயும் குறைச்சுட்டேன்."

"தப்பு."

"எது தப்பு?"

"மைனஸை வாசல்லயே நிறுத்திட்டு மூணை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கீங்க."

அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் வளைத்தார். காற்றில் ஆடும் சுடரை மறைப்பதுபோல, மைனஸுக்கு இந்தப் பக்கம் ஒன்று, மூன்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று வைத்தார்.

"சேர்த்து அனுப்புங்க."

கோதண்டம் கைகள் இருந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டார்.

(−3)² + 1

மைனஸ் மூன்றை மைனஸ் மூன்றால் பெருக்கினார். உதடு அசைந்தது. "பத்து."

"ப்ளஸ் மூணு போயிருந்தா?"

"அப்பவும் பத்துதான்." அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நான் போகலாம்!"

அம்மா சிலேட்டைத் துடைத்துவிட்டு வேறொன்று எழுதினார்.

x + 5

கோதண்டம் போட்டுப் பார்த்தார். "ரெண்டு. இருந்த அஞ்சுலயும் மூணு போச்சு."

அம்மா மறுபடி துடைத்தார். மறுபடி எழுதினார்.

x³

இந்த முறை நேரம் எடுத்தது. "மைனஸ் இருபத்தேழு," என்றார் கோதண்டம். சிலேட்டைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே யாரோ முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, என் மக வீடு இதுல எது?"

"எனக்கெப்படித் தெரியும்? போட்டுத்தான் பார்க்கணும்."

அன்று மாலை கோதண்டம் தாடியை மழித்தார்.

மறுநாள் வெள்ளை வேட்டியோடு புதுவீட்டு வாசலில் போய் நின்றார். எதிரே சம்பந்தி. இவரைக் கண்டதும் சம்பந்தியின் கை தானாகத் தன் சட்டைக் காலருக்குப் போனது.

கூடத்தில் பேச்சு நின்றது. அடுப்படியிலிருந்து மகள் செம்மலர் எட்டிப் பார்த்தாள்.

"நான்தான், சம்பந்தி," என்றார் கோதண்டம். "அதே ஆளுதான். பாயசத்துக்காகச் சட்டையைப் பிடிச்சவன்."

சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். காலரை விடாமலே உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"செம்மலரு, உங்கப்பாவுக்கு முதல்ல பாயசத்தைக் குடும்மா. அப்புறம் மத்தவங்களுக்கு."

யாரோ சிரித்தார்கள். கேலியா என்று கோதண்டத்துக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மகள் டம்ளரை நீட்டினாள். "சுடும்பா, பார்த்து."

சுட்டது. அவர் கீழே வைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வளைத்து, அதைப் பிடித்துக்கொண்டார்.