முக்குளிப்பான் போகாத தீவு

கோரைக்குளத்தின் நடுவே, மிதக்கும் பாசிக் கூட்டில், வள்ளை என்ற முக்குளிப்பான் நாலு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள். முட்டையிட்டுப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரிந்துவிடும்.

அவைதான் அவள் முதன்முதலாக இட்ட முட்டைகள். அதனால் எதைப் பார்த்தாலும் பயம். இலை அசைந்தால் பயம். தவளை குதித்தால் பயம். கரையோரக் கருவேல மரத்துக் காக்கையைப் பார்த்தாலோ, முட்டையைத் திருட வருகிறதென்று இறக்கையை விரித்து மூடிக்கொள்வாள்.

முக்குளிப்பான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டை விட்டு இறங்குமுன் ஈரப்பாசியை அள்ளி அள்ளி முட்டைகளின் மேல் போட்டு மூடிவிடும். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் குப்பை மாதிரித்தான் தெரியும். வள்ளை ஒரு தடவை மூடினால் போதாதென்று, பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு தடவையும் மூடுவாள்.

"ஏன் புள்ள, முட்டைக்கு மூச்சு முட்டப்போகுது!" என்று அவள் ஜோடி குமிழன் கேலி செய்வான்.

குமிழனைப் போல முங்குகிறவன் அந்தக் குளத்திலேயே கிடையாது. இந்தக் கரையில் முங்கினால் அந்தக் கரையில்தான் தலை தெரியும். அந்தப் பெருமையும் அவனுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ஒருநாள் காலையில் கடல் பக்கமிருந்து ஒரு நீர்க்காகம் வந்து இறங்கியது. கரைப் பாறையில் ஏறி நின்றது. இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தது.

"இதெல்லாம் ஒரு தண்ணியா? முங்கினா சேறு, எழுந்தா பாசி! கடலுக்கு நடுவிலே ஒரு தீவு இருக்கு, பாருங்க. ஒரு பகல் முழுக்கப் பறக்கணும். அங்கே முங்கினா, அடடா! தண்ணிக்குள்ளே பூந்தோட்டம் மாதிரி பவளப்பாறை! மஞ்சள் மீன், ஊதா மீன், கோடு போட்ட மீன்! நாலு பனை ஆழத்திலே கிடக்கிற சிப்பியைக்கூட எண்ணிடலாம்!"

குமிழன் கழுத்தை நீட்டிக் கேட்டான். பக்கத்தில் நாமக்கோழி அக்காவும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கறுத்த உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம், ஊர் வம்பு என்றால் உயிர், அதுதான் நாமக்கோழி அக்கா.

"மாப்ளே, உன்னை மாதிரி முங்குறவன் இந்தக் குட்டையிலே கிடந்து என்ன செய்யப்போறே? நாளைக்கு விடியுறப்போ கிளம்புறேன். வர்றியா?" என்றது நீர்க்காகம்.

"வர்றேன் அண்ணே!" என்று குமிழன் யோசிக்காமல் சொன்னான்.

கூட்டில் இருந்த வள்ளைக்குத் திக்கென்றது. குஞ்சு பொரிந்ததும் ஒருவர் அவற்றை முதுகில் சுமக்கவேண்டும். மற்றவர் மீன் பிடித்து வந்து ஊட்டவேண்டும். ஒற்றை ஆளால் இரண்டையும் எப்படிச் செய்ய முடியும்?

குமிழன் துள்ளிக்கொண்டு கூட்டுக்கு வந்தான்.

"என்னங்க, எத்தனை நாளுங்க?"

"போக ஒரு நாள், முங்க ஒரு நாள், வர ஒரு நாள். மூணே நாள் புள்ள! குஞ்சு என்னைத் தேடுறதுக்குள்ளே வந்து நிப்பேன்!"

"வர முடியாம போயிட்டா?"

"நல்ல காரியம் பேசுறப்போ அபசகுனமா பேசாதே! பிறந்ததிலிருந்து இந்தச் சேத்தையே பாத்துட்டேன். ஒரு தடவை, ஒரே தடவை, அந்த மஞ்சள் மீனைப் பாத்துட்டு வந்துடறேனே!"

அவன் ஆசை தப்பு என்று வள்ளைக்குத் தோன்றவில்லை. அவளுக்கே அந்த மஞ்சள் மீனைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் எதுவோ உள்ளுக்குள் முள்ளாகக் குத்தியது. அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் பாறைப் பக்கம் பார்த்தாள். நீர்க்காகம் பாறையில் கால்களை ஊன்றி எவ்வளவு உறுதியாக நின்றது! பிறகு தன் கால்களைப் பார்த்தாள். அவை உடம்பின் கடைசியில், வால் முளைக்கிற இடத்தில் இருந்தன; நீந்த வசதி, நிற்கத்தான் வழியில்லை.

முள் எங்கே குத்துகிறது என்று இப்போது தெரிந்தது.

முட்டைகளைப் பாசியால் மூடினாள். இன்னொரு தடவையும் மூடினாள். பாறையை நோக்கி நீந்தினாள். வெளியாளிடம் அவள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அண்ணே... ஒண்ணு கேக்கலாங்களா?"

"அட! வள்ளைக்கு வாய்கூட இருக்கா? இத்தனை நாளா ஊமைன்னுல்ல நினைச்சேன்!" என்று நாமக்கோழி சிரித்தாள்.

வள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் திரும்பிப் போகவில்லை.

"முங்குறது சரிங்க. முங்கி எழுந்த பிறகு எங்கேயிருந்து பறப்பீங்க?"

"இதென்ன கேள்வி? பாறையிலே ஏறுவேன். இறக்கையைக் காயவைப்பேன். அங்கேயிருந்து காத்திலே குதிச்சா, பறக்க வேண்டியதுதான்!"

"தண்ணியிலே ஓடிப் பறக்க முடியாதுங்களா?"

"அங்கே ஏதும்மா அசையாத தண்ணி? ஒவ்வொரு அலையும் உன் கோரைப்புல்லை விட உயரம்! தூக்கித் தூக்கிப் போடும்! அதுதானே வேடிக்கையே!"

வள்ளை, பின்னாலேயே நீந்தி வந்திருந்த குமிழன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? நாம எழும்பணும்னா, அசையாத தண்ணியிலே ரொம்ப தூரம் ஓடணும். அலையிலே எப்படி ஓடுவீங்க? பாறையிலே எப்படி நிப்பீங்க? போயிடுவீங்க. திரும்பி வர முடியாதுங்க!"

நீர்க்காகம் அலகால் கழுத்தைச் சொறிந்துகொண்டது. "அட, ஆமா! எனக்கு அது தோணவே இல்லையே. இதுவரைக்கும் என்கூட வந்தவங்க எல்லாருமே நீர்க்காகங்கதான்" என்றது.

அத்தோடு பேச்சு முடிந்திருக்கும். நாமக்கோழிதான் விடவில்லை.

"பாவம் குமிழன்! பொண்டாட்டி இறக்கைக்குள்ளேயே ஒளிஞ்சுக்கட்டும்! பெரிய முங்கலாம், பெரிய நீச்சலாம்!"

குமிழனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பாறைதானே? இதோ, இதே பாறையிலே ஏறிப் பறந்து காட்டுறேன்!"

"வேண்டாங்க!"

"நீ போய் முட்டையைப் பாரு!"

முட்டைகள் ஆறிப்போய்விடுமே! வள்ளை அரைமனதாகக் கூட்டுக்குத் திரும்பினாள். பாசியை விலக்கி, முட்டைகளின் மேல் உட்கார்ந்தாள். கண் மட்டும் பாறையை விட்டு அகலவில்லை.

நீர்க்காகம் ஒதுங்கி இடம் விட்டது. குமிழன் பாறையில் நெஞ்சைத் தேய்த்துத் தேய்த்து ஏறினான். இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். மூன்றாம் தடவை உச்சியை எட்டிவிட்டான். எழுந்து நின்றான். நின்றதுதான் தெரியும், தொப்பென்று வயிறடிக்கக் குப்புற விழுந்தான்! மறுபடி நின்றான். மறுபடி விழுந்தான். இறக்கைகளை அடித்தான். தரையில் போட்ட மீன் மாதிரித் துடித்தானே தவிர, ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

நாமக்கோழி விழுந்து விழுந்து சிரித்தாள். நீர்க்காகத்துக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது பாறைக்குப் பின்னால் புல் அசைந்தது. வள்ளை பார்த்தாள்.

கீரி!

"என்னங்க! பின்னாலே பாருங்க!" என்று கத்தினாள். அவள் குரல் எப்போதுமே மெல்லிய குரல். சிரிப்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அவள் வயிற்றுக்கடியில் நாலு முட்டைகள். பக்கத்தில் பாசி. மரத்தின் மேல் காக்கை. முட்டைகளை மூட வேண்டுமானால் பத்து வாய் பாசி அள்ள வேண்டும். கீரிக்கும் குமிழனுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

வள்ளை முட்டைகளைப் பார்த்தாள். குமிழனைப் பார்த்தாள். தண்ணீரில் பாய்ந்தாள்.

சடசடவென்று தண்ணீரின் மேல் ஓடினாள். "கீரி! கீரி!"

நீர்க்காகம் காற்றில் குதித்துப் பறந்தது. நாமக்கோழி கோரைக்குள் புகுந்தாள். குமிழன் மட்டும் இருந்த இடத்திலேயே இறக்கையை அடித்துக்கொண்டிருந்தான்.

"பறக்காதீங்க! உருளுங்க! உருண்டு விழுங்க!" என்று வள்ளை அலறினாள்.

குமிழன் கண்ணை மூடிக்கொண்டு உருண்டான். கீரி பாய்ந்தது. அதன் வாயில் இரண்டு இறகுகள்தான் மிஞ்சின. குமிழன் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தான். இரண்டு பேரும் ஒரே முங்காக முங்கி, கூட்டுக்குப் பக்கத்தில்தான் தலை தூக்கினார்கள்.

மரத்தில் காக்கையைக் காணோம்.

கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. உடைந்த ஓடு ஒன்று தண்ணீரில் மிதந்து போனது.

வள்ளை இருந்த மூன்றின் மேல் ஏறி உட்கார்ந்தாள். குமிழன் அன்று பகல் முழுக்கக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கேட்காமலேயே பாசி கொண்டுவந்து குவித்தான். வள்ளை அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"வாங்க. நீங்க கொஞ்ச நேரம் உக்காருங்க. எனக்குப் பசிக்குது."

குமிழன் உட்கார்ந்தான். அவன் நெஞ்சுக்கு அடியில் மூன்று முட்டைகளும் சூடாக இருந்தன. நாலாவது இருந்த இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தது.

மறுநாள் விடியலில் நீர்க்காகம் தலைக்கு மேல் வட்டமடித்தது.

"நாமக்கோழி அக்கா, நீங்களாவது வர்றீங்களா?"

"ஐயோ, எனக்கு முட்டிவலிப்பா!" என்று கோரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மாப்ளே, நீ?"

குமிழன் கூட்டை விட்டு அசையாமல் சொன்னான்: "அண்ணே, நீங்க சொன்ன தீவு நல்ல தீவுதான். உங்க காலுக்கு நல்ல தீவு. போகாத தீவுக்கே நான் ஒரு பிள்ளையைக் கொடுத்துட்டேன். போயிருந்தா மிச்சத்தையும் கொடுத்திருப்பேன்."

நீர்க்காகம் கடலை நோக்கிப் பறந்தது.

யாருக்கோ இனித்த பயணம் நமக்கும் ஏற்றதா என்பதை, நம் காலையும் நம் கூட்டையும் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.